எஞ்சின் ரூமிலிருந்து பதில்கள்

போன மாதம் கிணற்று மோட்டார் அடிக்கடி சூடாவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, நான் விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்தில் டக்கில், அதாவது துறைமுக இழுவைக் கப்பலில், எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று பேச்சுவாக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அதோடு மோட்டாரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் முக்கால்வாசி டக் பற்றித்தான். கடலைப் பார்க்க தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ பஸ் ஏற வேண்டிய ஊரில் கப்பல்மேல் இவ்வளவு ஆசையா! சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர் எல்லாம் அடுத்த மாதம்.

கேள்வி: போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் எஞ்சின் இருக்கிறது. அதை இழுக்க ஒரு குட்டிக் கப்பல் எதற்கு? வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?
– பள்ளி ஆசிரியர், திருமங்கலம்

இழுக்கிறது பாதி வேலைதான் சார். நிறுத்துகிறதும் திருப்புகிறதும் மீதி. என்னைக் கேட்டால் அந்த மீதிதான் பெரிசு.

கப்பலுக்கு பிரேக் கிடையாது. எஞ்சினை நிறுத்தினாலும் பல ஆயிரம் டன் எடை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினால் வேகம் குறையும், ஆனால் தலை நேராக நிற்காது. ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு போகும். சுக்கான் இருக்கிறதே என்பீர்கள். சுக்கான்மேல் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால்தான் அதற்கு மரியாதை. மூன்று நான்கு நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல் என்பதுதான் நாட்) வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பெரிய கப்பல் சுக்கான் பேச்சைக் கேட்பதில்லை. ஜெட்டியில், அதாவது கப்பல் கட்டும் மேடையில், கட்ட வருகிற கப்பலோ அந்த வேகத்துக்கும் கீழேதான் வர வேண்டும். பக்கவாட்டில் காற்று வேறு அடித்தால் கப்பல் முழுசும் ஒரு பாய்தான்.

சித்திரைத் தேர் மாசி வீதி முக்கில் திரும்புவதை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். வடம் பிடிக்க ஊரே நிற்கும். ஆனால் தேர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் தலை திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுக்கிற ஒரு சிலர். டக் அந்த ஆள். வகுப்பில் இதைச் சொல்லுங்கள், போதும்.

இதில் கடற்படை டக்குக்கு இன்னொரு தொல்லை உண்டு. சரக்குக் கப்பலின் தகடு தடிமனாக இருக்கும், எங்கே முட்டினாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. போர்க்கப்பல் வேகத்துக்காகக் கட்டியது, தகடு மெல்லிசு. உள்ளே குறுக்குச் சட்டம் பலமாக இருக்கிற இடத்தில்தான் முட்டித் தள்ள வேண்டும். அந்த இடத்தைக் கப்பலின் பக்கவாட்டில் பெயின்டில் குறித்திருப்பார்கள். ஒரு முழம் தள்ளி முட்டினால் தகடு உள்வாங்கிவிடும், அப்புறம் விசாரணைதான். அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்பக்கத்துக்கு, அடியில் தண்ணீருக்குள் ஒலியை வைத்துத் தேடுகிற சோனார் கருவியின் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். ஆட்டத்தைக் குறைக்கப் பக்கவாட்டில் துடுப்பு இருக்கும், பின்னால் புரொப்பெல்லர். எதுவும் மேலேயிருந்து கண்ணுக்குத் தெரியாது. எங்கே என்ன இருக்கிறது என்று டக்கை ஓட்டுகிற சாரங்குக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நீர்மூழ்கி இன்னும் மோசம். அதன் அகலமான பாகம் தண்ணீருக்கு அடியில் இருப்பதால் மோதலைத் தாங்க மேலே தொங்குகிற டயர் ஃபென்டரால் பிரயோஜனம் இல்லை. ஃபென்டர் தண்ணீருக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். விமானந்தாங்கி என்றால் நேர் எதிர்: ஓடுதளம் தலைக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், டக்கின் கொடிமரம் அதில் இடித்துவிடும். அதற்காகவே மடக்குகிற கொடிமரம் வைத்த டக்குகள் உண்டு.

கேள்வி: நீங்கள் வேலை பார்த்த டக்குக்கும் ஐ.என்.எஸ். பட்டம் உண்டா? ரேங்க் என்ன?
– முன்னாள் ராணுவ வீரர், மேலூர்

கிடையாது ஐயா. ஐ.என்.எஸ். என்பது முறையாகப் படையில் சேர்க்கப்பட்ட கப்பலுக்கு. துறைமுகத்துக்குள்ளேயே ஓடுகிற டக், தண்ணீர்ப் படகு, எண்ணெய்ப் படகு, பார்ஜ் எல்லாம் யார்டு கிராஃப்ட் கணக்கு. வெறும் பெயர் மட்டும்தான், முன்னால் எதுவும் ஒட்டாது. ஆழ்கடலுக்குப் போய் இழுத்துவருகிற பெரிய டக் வேறு சாதி, ஐ.என்.எஸ். மாதங்கா, ஐ.என்.எஸ். கஜ் என்றெல்லாம் பட்டத்தோடு இருந்தவை அந்த வகை.

யார்டு கிராஃப்டில் இருப்பவர்களும் பெரும்பாலும் சிவிலியன்கள்தான். லஸ்கர், டிண்டல், சாரங் என்று மேல்தளத்தில் ஒரு வரிசை, ஃபயர்மேன், எஞ்சின் டிரைவர் என்று கீழே ஒரு வரிசை, துப்புரவுக்கு டோபாஸ். வெள்ளைக்காரன் காலத்துப் பெயர்கள், ஆள் எடுக்கிற விளம்பரத்தில் இன்றைக்கும் அப்படியே வரும். எங்கள் தெருவில் என்னை மிலிட்டரிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் போட்டதெல்லாம் எண்ணெய்க் கறை படிந்த பாய்லர் சூட். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கேள்வி: அண்ணே, லாரிக்கு ரிவர்ஸ் கியர் மாதிரி டக்குக்கு என்ன இருக்கும்? எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.
– லாரி மெக்கானிக், ஆரப்பாளையம்

இப்படி ஒரு கேள்வி வரும் என்றுதான் காத்திருந்தேன் தம்பி.

நான் முதலில் ஏறிய பழைய டக்கில் கியர்பாக்ஸே கிடையாது. மெதுவாகச் சுற்றுகிற பெரிய டீசல் எஞ்சின், நேரடியாக ஷாஃப்ட், அதன் நுனியில் புரொப்பெல்லர். பின்னால் போக வேண்டுமென்றால் எஞ்சினையே எதிர்ப்பக்கம் சுற்ற வைக்க வேண்டும். மேலே பிரிட்ஜில், அதாவது ஓட்டுகிற அறையில், சாரங் கீழே உத்தரவு சொல்கிற டெலிகிராஃப் கைப்பிடியைத் தள்ளுவார், கீழே மணி அடித்து முள் நகரும். நான் பதிலுக்கு என் கைப்பிடியைத் தள்ளி, கேட்டுவிட்டது என்று தெரிவிக்க வேண்டும். உடனே டீசலை அடைக்க வேண்டும். எஞ்சின் நின்றதும் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டை நீளவாக்கில் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் முன்னோக்குக்கு ஒரு கேம், பின்னோக்குக்கு ஒரு கேம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அப்புறம் காற்று வால்வைத் திறந்தால் பாட்டிலில் அடைத்துவைத்த காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து எஞ்சினை எதிர்த்திசையில் உதைத்துச் சுற்றும். அது பிடித்துக்கொள்கிற அந்த நொடியில் டீசலைக் கொடுக்க வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் மேலே இருக்கிறவர் அடுத்த மணியை அடித்துவிடுவார்.

சிக்கல் எங்கே என்றால் அந்தக் காற்றில்தான். பாட்டிலில் 30 கிலோ அழுத்தம் இருந்தால், ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் செலவு வேகத்துக்கு வரவு வராது. முன்னே, நில், பின்னே, நில், முன்னே என்று விடாமல் மணி வந்தால் முள் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்து வயிறு கலங்கும். காற்று தீர்ந்தால் எஞ்சின் கிளம்பாது, டக் வெறும் இரும்பு. சாரங் நிதானக்காரரா அவசரக்காரரா என்பது பிரிட்ஜில் நிற்பவருக்குத் தெரியாது, கீழே காற்று மீட்டரைப் பார்ப்பவனுக்குத் தெரியும். நிதானமான சாரங் ஒரே மணியில் முடிக்கிற வேலைக்கு அவசரக்காரர் ஐந்து மணி அடிப்பார்.

இப்போது அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. புது டக்குகளில் புரொப்பெல்லரையே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முழு வட்டமாகத் திருப்பலாம். எஞ்சின் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும், சுக்கானே தேவையில்லை. வாய்த் ஷ்னைடர் என்று இன்னொரு வகை உண்டு: கப்பலின் அடியில் ஒரு வட்டத் தட்டு சுற்றும், அதிலிருந்து செங்குத்தாகத் தொங்குகிற கத்திகளின் கோணத்தை மாற்றி மாற்றி எந்தத் திசைக்கும் தள்ளலாம். நண்டு போகிற மாதிரி பக்கவாட்டில் போகும். முதல் தடவை பார்ப்பவன் கண்ணைக் கசக்கிக்கொள்வான்.

குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டு டக்கை எடை போடாதீர்கள். நாங்கள் கேட்பது பொல்லார்டு புல். கரையில் உள்ள இரும்புக் குமிழில் கயிற்றைக் கட்டி, நடுவில் எடை காட்டும் கருவியை மாட்டி, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டுவார்கள். டக் நகராது, கருவி எத்தனை டன் காட்டுகிறதோ அதுதான் டக்கின் பலம். ஒரே குதிரைத்திறன் உள்ள இரண்டு டக் இதில் வேறு வேறு எண் காட்டும். புரொப்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம் மாட்டினாலே இழுவை கூடிவிடும். 2023-இல் கடற்படைக்கு வந்த மகாபலி என்ற டக் குஜராத்தின் பரூச்சில் ஒரு தனியார் தளத்தில் கட்டியது, 25 டன் பொல்லார்டு புல். விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் கட்டிய 50 டன் டக்குகளும் இப்போது ஓடுகின்றன. நாங்கள் இரண்டு டக்கைக் கட்டி மல்லுக்கு நின்ற வேலையை இவற்றில் ஒன்றே முடித்துவிடும்.

கேள்வி: தாத்தா, நான் வரலாறு படிக்கிறேன். போர்க்கப்பல்களின் வரலாறு நிறைய கிடைக்கிறது. ஒரு துறைமுக டக்கின் பணி வரலாறு முழுசாக எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?
– கல்லூரி மாணவி, தல்லாகுளம்

நல்ல கேள்வி பேத்தி. பெரும்பாலும் எழுதப்பட்டதில்லை. காகிதத்தில் ஒரு டக்கின் வாழ்க்கை நாலு வரி: இந்தத் தேதியில் தண்ணீரில் இறங்கியது, இந்தத் தளத்துக்கு அனுப்பப்பட்டது, இந்த வருஷம் எண் மாறியது, இந்த வருஷம் கழித்துக் கட்டப்பட்டது. நடுவில் என்ன செய்தது என்று கேட்டால் பதில் இருக்காது. ஏனென்றால் அது செய்ததெல்லாம் இன்னொரு கப்பலின் வரலாற்றில் 'பத்திரமாகக் கரை சேர்ந்தது' என்று போய்விடும்.

முழுசாக எழுதப்பட்ட ஒன்று எனக்குத் தெரியும். அமெரிக்கக் கடற்படையின் ஹோகா. 100 அடி நீளம், நியூயார்க்கில் கட்டியது. 1940 டிசம்பர் 31-ஆம் தேதி தண்ணீரில் இறங்கியது. 1941 மே மாதம் பணிக்கு வந்து ஹவாயின் பேர்ல் ஹார்பருக்குப் போனது. பெயருக்கு முன்னால் பட்டம் கிடையாது, ஒய்.டி. 146 என்று ஒரு எண். அதில் ஒய் என்பது யார்டு. மேலூர் ஐயாவுக்குச் சொன்ன அதே கதை அங்கேயும்.

1941 டிசம்பர் 7 காலையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட ஆரம்பித்தபோது ஹோகா யார்டில் கட்டியிருந்தது. சில நிமிடங்களில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஜோ மெக்மேனஸ் என்ற தலைமை போசன் (மேல்தளத்து ஆட்களின் தலைவர்) அதன் மாஸ்டர். தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டார்கள். அரிசோனா போர்க்கப்பல் வெடித்து எரிந்துகொண்டிருந்தது, அதை ஒட்டி வெஸ்டல் என்ற பழுதுபார்க்கும் கப்பல் கட்டியிருந்தது, அதிலும் தீ. வெஸ்டலின் கயிறுகளை வெட்டிவிட்டார்கள். ஹோகா அதன் அணியத்தைப் பிடித்து இழுத்து, எரிகிற அரிசோனாவிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது.

அடுத்தது நெவாடா. பேட்டில்ஷிப் என்கிற பெரிய ரகப் போர்க்கப்பல்களில் அன்றைக்குக் கயிறு அவிழ்த்துக் கிளம்ப முடிந்தது அது ஒன்றுதான். கிளம்பியதும் விமானங்கள் எல்லாம் அதன்மேல் பாய்ந்தன. அது வாய்க்கால் நடுவில் மூழ்கினால் துறைமுகமே அடைபட்டுவிடும். கரையோரத்தில் தரைதட்ட வைத்தார்கள். ஹோகா போய் அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சித் தீயை அணைத்தது, அப்புறம் வாய்க்காலின் எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் பத்திரமான இடத்தில் உட்காரவைக்க உதவியது. எத்தனை பெரிய கப்பல்! நெவாடா அடிப்படை எடையே 27,500 டன். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு நாள், அரிசோனா உள்பட வரிசையாக எரிந்த கப்பல்களில் தீயணைப்பு. 1942 பிப்ரவரியில் பசிபிக் படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸ் அதன் ஆட்களைப் பாராட்டினார்.

இங்கே நிறுத்திவிட்டால் அது வீரக்கதை, பாடப்புத்தகத்துக்குச் சரியாக இருக்கும். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. 1944-இல் பெரிய டக் என்று வகை மாற்றி ஒய்.டி.பி. 146 ஆக்கினார்கள். 1948-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்துக்குத் தீயணைப்புப் படகாக ஓட்டக் கொடுத்தார்கள். பெயர் போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது சிட்டி ஆஃப் ஓக்லண்ட். காகிதத்தில் மட்டும் கடற்படைக்குச் சொந்தமாக இருந்ததால் 1962-இல் மறுபடி நடுத்தர டக் என்று எண்வகை மாறியது. ஓட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அங்கே கப்பல் தீ, துறைமுகத் தீ என்று அணைத்துக்கொண்டிருந்தது. 1989-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தார்கள். 1994-இல் கடற்படைக்குத் திரும்பிவந்து, பழைய கப்பல்களை நிறுத்திவைக்கிற இடத்தில் சும்மா கிடந்தது. 2005-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் நார்த் லிட்டில் ராக் நகரத்துக்குக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தது 2015 நவம்பரில். அந்த ஊருக்கும் கடல் கிடையாது, ஆறுதான். ரேசர்பேக் என்ற நீர்மூழ்கியும் அதுவும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இப்போது கணக்குப் பார். புகழ் கொடுத்தது இரண்டு நாள். உழைத்தது ஐம்பது வருஷத்துக்கு மேல். எழுதுகிறவர்கள் பக்கம் ஒதுக்குவது தலைகீழாக இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

நீ ஆராய்ச்சி என்று இறங்கினால் பெல் புக் எங்கே என்று கேள். எஞ்சின் ரூமில் டெலிகிராஃப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு கயிற்றில் தொங்கும், கூடவே ஒரு பென்சில். மேலேயிருந்து வருகிற ஒவ்வொரு மணியையும் நேரத்தோடு அதில் குறிக்க வேண்டும்: 06.12 மெதுவாக முன்னே, 06.13 நில், 06.13 பாதி வேகம் பின்னே. முழுப் பக்கமும் அம்புக்குறியும் எண்ணும், நடுநடுவே எண்ணெய்ப் பட்ட பெருவிரல் ரேகை. தெரிந்தவன் அதைப் படித்தால் அன்றைக்குக் காற்று எப்படி அடித்தது, கப்பல் எத்தனை தரம் முரண்டு பிடித்தது, எந்த நிமிஷத்தில் மேலே எல்லோரும் பயந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரே நிமிஷத்துக்குள் மூன்று மணி இருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. மேல்தளத்து லாக் புத்தகத்தில் அதே காலைக்கு 'கப்பல் கட்டப்பட்டது, சம்பவம் ஏதுமில்லை' என்று ஒரு வரி இருக்கும்.

நான் பல வருஷம் ஓட்டிய டக்கைக் கழித்துக் கட்டி ஏலம் விட்டார்கள். எடுத்த உடைப்புக்காரர், பெயர் வேண்டாம், இரும்பு, பித்தளை, செம்பு என்று தனித்தனியாகப் பிரித்து எடை போட்டார். பெல் புக்குகள் பழைய பேப்பரோடு போயின. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன், ஏலத்தில் வந்த சாமான், கொடுக்க முடியாது என்றார். பேப்பர் கிலோ என்ன விலை போயிருக்கும், நீயே யோசி. டெலிகிராஃபின் பித்தளை முகத்துக்கு நல்ல விலை கிடைத்ததாகக் கேள்வி. அது இப்போது ஏதோ ஓட்டலில் அலங்காரத்துக்கு நிற்கிறதாம்.

கேள்வி: 2013 பொங்கல் சமயத்தில் கடற்படை பார்ஜ் ஒன்று பாம்பன் ரயில் பாலத்தில் மோதியது. அந்த வருஷம் ராமேஸ்வரம் போக இருந்து நின்றுபோனோம். இவ்வளவு பெரிய படையின் கலம் எப்படிப் பாலத்தில் போய் இடிக்கும்?
– ஜவுளிக்கடைக்காரர், உசிலம்பட்டி

ஜனவரி 13, போகிப் பண்டிகை அன்று. பாலத்துக்குச் சேதம் பெரிதில்லை, ஆனால் 1914-இல் கட்டிய பாலம், ரயிலை நிறுத்திச் சரிபார்க்காமல் விட முடியுமா?

அந்த விசாரணைக்குள் நான் போகவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். பார்ஜ் என்றால் எஞ்சின் இல்லாத தட்டைக் கலம். டக் கயிறு கட்டி இழுத்தால் வரும், இழுக்காவிட்டால் காற்றும் நீரோட்டமும் சொன்ன பக்கம் போகும். நேராகவும் வராது, கயிற்றின் நுனியில் இடமும் வலமுமாக அலைந்துகொண்டே வரும். திறந்த கடலில் கயிறு நீளமாக இருப்பது நல்லது, அலையின் உதறலைக் கயிறு வாங்கிக்கொள்ளும். ஒடுங்கின இடத்துக்கு வந்ததும் கயிற்றைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் டக் நடுவில் போகும், பின்னால் வருவது தூணில் போய் நிற்கும். பாம்பனில் பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே நீரோட்டம் பலமாக ஓடும். மார்கழி, தை மாதத்தில் வடகிழக்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கே கயிறு விட்டுப்போன பார்ஜைப் பிடிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்களே, அதில் நடுப்பகுதி 72.5 மீட்டர், அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். பழைய பாலத்தில் இரண்டு இறக்கையையும் ஆட்கள் கையால் சுற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அடியில் ஓடுகிற தண்ணீர் அதே தண்ணீர்தான், இழுக்கிறவன் கவனம் குறையக் கூடாது.

எஞ்சின் ஓடாத கப்பலை நகர்த்துவதை நாங்கள் கோல்ட் மூவ் என்போம். விமானந்தாங்கி ஐ.என்.எஸ். விராட் கடைசியாகத் தன் எஞ்சினில் ஓடியது 2016 ஜூலையில், மும்பையிலிருந்து கொச்சிக்கு. அதே வருஷம் அக்டோபரில் திரும்பி வந்தது டக் கயிற்றில். 2020 செப்டம்பரில் ஆலங் உடைப்புக் கரைக்குப் போனதும் டக் கயிற்றில்தான். டி.வி.யில் விராட்டை மட்டும் காட்டினார்கள்.

கேள்வி: வைகையில் டக் விட முடியுமா?
– பெயர் எழுதாத வாசகர், கே.புதூர்

விடலாமே. சின்ன டக் என்றாலும் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும். அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிடச் சொல்லி மனு கொடுக்கிற ஊர் நம் ஊர். நீங்கள் முதலில் தண்ணீருக்கு வழி பண்ணுங்கள், டக்கை நான் கொண்டுவருகிறேன்.

கேள்வி: அண்ணே, என் மகன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்திருக்கிறான். டக்கில் வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஆபத்தான வேலையா? எப்படிச் சேருவது? ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார்.
– ஒரு தாய், சோழவந்தான்

தங்கச்சி, முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். மறைத்துப் பேசினால் உங்களுக்கும் நல்லதில்லை, பையனுக்கும் நல்லதில்லை.

டக்கில் இரண்டு ஆபத்து முக்கியம். ஒன்று, கயிறு. பல டன் இழுவையில் விறைத்து நிற்கிற நைலான் கயிறு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும், கால் கையெல்லாம் மிஞ்சாது. இப்போது வருகிற புதுவகை இழைக் கயிறு அவ்வளவாக நீளாது, திருப்பி அடிக்கிற வேகம் குறைவு. ஆனாலும் அதையும் நம்பக் கூடாது. விறைத்த கயிற்றுக்கு நேரே நிற்கக் கூடாது, கயிறு வளையமாகக் கிடந்தால் அதற்குள் கால் வைக்கக் கூடாது. மேல்தளத்தில் புதுப் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான்.

இரண்டாவது, டக் கவிழ்வது. இழுக்கிற கயிறு டக்குக்குப் பின்னால் இருக்கிறவரை பயமில்லை. பெரிய கப்பல் திடீரென்று வேகம் எடுத்து, கயிறு டக்கின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டால், கப்பல் டக்கைக் குறுக்காக இழுக்கும். சில விநாடியில் சாய்ந்து கவிழ்ந்துவிடும். அதற்காகத்தான் இழுவைக் கொக்கியில் சட்டென்று கயிற்றைக் கழற்றிவிடுகிற விசை இருக்கிறது. இழுவை நடக்கும்போது மேல்தளத்து இரும்புக் கதவெல்லாம் மூடியிருக்க வேண்டும் என்பதும் அதற்காகத்தான்; திறந்திருந்தால் சாய்ந்ததும் தண்ணீர் நேராக எஞ்சின் ரூமுக்குள் இறங்கும். உங்கள் பையன் கீழே இருக்கிறவன். வெயில் காலத்தில் எஞ்சின் ரூமில் வேகும், காற்றுக்காகக் கதவைத் திறந்துவைக்கத் தோன்றும். என்ன வேக்காடாக இருந்தாலும் இழுவை முடிகிறவரை அந்தக் கதவைத் தொடாதே என்று அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். புது டக்குகளில் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

சேருவதற்கு இரண்டு வழி. கடற்படை யார்டு கிராஃப்டுக்கு குரூப் சி பணிகளாக அவ்வப்போது விளம்பரம் வரும். எம்ப்ளாய்மென்ட் நியூஸ் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தேர்வு, உடல் தகுதி உண்டு, பணம் கட்ட வேண்டியது விண்ணப்பக் கட்டணம் தவிர வேறெதுவும் இல்லை. பெரும்பாலும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். வைகையில் பழக வழியில்லை, கிணற்றிலாவது பழகட்டும்.

இன்னொன்று, துறைமுகங்களில் ஒப்பந்தக்காரர்கள் ஓட்டுகிற டக்குகள். அதற்கு சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகமும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். ஜி.பி. ரேட்டிங் என்று ஆறு மாதப் படிப்பு இருக்கிறது, பத்தாம் வகுப்பில் கேட்கிற மதிப்பெண் இருந்தால் சேரலாம். அதை நடத்துகிற நிலையம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

அந்த ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆர்.பி.எஸ்.எல். உரிம எண் என்ன? கப்பலுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறவருக்கு அந்த உரிமம் கட்டாயம். உரிமம் உள்ளவர் வேலை வாங்கித் தருவதற்காகப் பையனிடம் பணம் வாங்கவும் கூடாது. எண்ணைச் சொன்னால் இயக்குநரகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சொல்லத் தயங்கினால் சான்றிதழ் எதையும் கையில் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.